தறி நிற்காத நேரம்

என் மருமகன் ஜவாத் பொலிஸில் வேலை செய்கிறவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைப் பற்றிக் கதைக்கிற எல்லோரும் இதில்தான் தொடங்குகிறார்கள். எங்கள் கரையோர ஊர்களில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அந்த வீட்டுக்குக் கூட்டி வருவதுதான் வழக்கம். ஆகவே அம்பாறையில் பகல் முழுக்க வாகனம் மறிக்கிற ஒரு கொன்ஸ்டபிள் பின்னேரமானால் சாய்ந்தமருதில் என் வீட்டு வாசலில் வந்து சப்பாத்தைக் கழற்றுகிறார். அவருடைய காக்கிச் சட்டை என் கொடியில் காய்கிறது. தெருவால் போகிறவர்களுக்கு அது போதும்.

என் பெயர் றஹீமா. என் கணவர் காலிதீன் தொண்ணூறாம் ஆண்டு, தமிழருக்கும் முஸ்லிம்களாகிய எங்களுக்கும் பகை மூண்டிருந்த காலத்தில், நாவிதன்வெளிப் பக்கம் இருந்த எங்கள் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போனார். அவரும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. யார் பிடித்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். உடல், அதாவது மையித்து, கிடைக்காததால் ஜனாஸாத் தொழுகை இல்லை. மௌத்து நிச்சயமில்லாததால், கணவனை இழந்தவள் வீட்டுக்குள் ஒதுங்கியிருக்கிற இத்தாவும் நான் இருக்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் மௌத்தானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர் என்று பெயர் சொல்லி அறிவிப்பார்கள். தெருவில் போகிறவனும் சற்று நின்று கேட்டுவிட்டுத்தான் போவான். காலிதீனுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அன்று மடியில் கிடந்த மகளுக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அந்தப் பெயரை ஒரு ஒலிபெருக்கி சொல்ல நான் ஒருதரம் கேட்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

அந்த ஆசையைக் கிளப்பிவிட்டவள் நஸீறா. பென்சன் எடுத்த ஆசிரியை. இன்னும் எல்லோரையும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாகத்தான் நினைக்கிறாள். காணாமல் போனவர்களின் வீட்டுப் பெண்களைச் சேர்த்து அவள் ஒரு குழு வைத்திருந்தாள். சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூரிலிருந்து நாங்கள் ஒரு பத்துப் பேர். வீரமுனையிலிருந்து தமிழ்ப் பெண்கள் நாலு பேர். டிசம்பரில் மனித உரிமைகள் தினத்தன்று கல்முனையில் ஒரு மண்டபம் எடுத்துக் கூட்டம் வைப்பது என்றும், அதில் பேச்சு ஒன்றுமில்லை, பெயர் மட்டும்தான் என்றும் முடிவானது. அதிலும் நஸீறா ஒரு புதுமை செய்தாள்.

"எங்கட ஆக்கள்ற பேர அவங்க செல்லட்டும். அவங்கட ஆக்கள்ற பேர நாம செல்லுவம்," என்றாள். "ஆள் மாறிச் சொன்னாத்தான் மத்தவங்கட நோவு விளங்கும்."

அவர்கள் நாலு பேர்தான் என்பதால் வருடத்துக்கு நாலு சோடி என்றாகி, எனக்குச் சோடியாக வந்தவள் வீரமுனைச் சிவமலர். காலிதீனின் பெயரை அவள் சொல்ல வேண்டும். அரிசி ஆலைக்கு வேலைக்குப் போய்த் திரும்பாத அவளுடைய தம்பி யோகேஸ்வரனின் பெயரை நான் சொல்ல வேண்டும். சிவமலர் அதிகம் வாய் திறக்காதவள். ஒரு கேள்வி கேட்டால் முதலில் சேலைத் தலைப்பைச் சரிசெய்வாள், பிறகு சிரிப்பாள். பதில் வருவதற்குள் கேட்டவள் எழுந்து போயிருப்பாள்.

போன வருடம் நிகழ்வுக்கு முதல்நாள் தடை வந்துவிட்டது. நாங்கள் திறந்த மண்டபத்தில் கூடிக் கதைத்தபோது பின்வரிசையில் இரண்டு புலனாய்வுக்காரர் வந்து குந்தியிருந்து, கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டுப் போனதன் பலன் அது. ஆகவே இந்த முறை மண்டபத்தை எடுப்பது கடைசி நேரத்தில்தான் என்றும், அதுவரை மருதமுனையில் பரீனாவின் தறிக்கொட்டிலுக்குப் பின்னால் உள்ள அறையில் சனிக்கிழமைகளில் பகல் லுஹர் தொழுதுவிட்டுக் கூடுவது என்றும் தீர்மானித்தோம். போன்களை எல்லாம் பரீனாவின் அரிசிப் பீப்பாய்க்குள் போட்டு மூடினோம். இடையில் யாராவது ஒருத்தியின் போன் அரிசிக்குள் கிடந்து அலறும், முற்றத்துக் கோழிகள் வெருண்டு ஓடும்.

கதைக்கிற சத்தம் ஒழுங்கைக்குக் கேட்காமல் இருக்க முன்னால் ஒரு தறி ஓட வேண்டும் என்றாள் நஸீறா. நெய்யத் தெரிந்த மருதமுனைக்காரிகள் எல்லோருக்கும் உள்ளே இருந்து கதைக்கத்தான் ஆசை. அப்போது சிவமலர் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"அம்மாட ஊர் பாண்டிருப்பு, அங்கயும் நெசவுதான். எனக்குத் தறி தெரியும். கதைக்கத்தான் தெரியாது," என்றாள். "நான் முன்னுக்கு இரிக்கன்."

"என்ன நடந்தாலும் நிப்பாட்டிராதங்க," என்று நஸீறா அவளுக்குச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம்.

முதல் சனிக்கிழமை. பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். பாங்கு முடிந்து தொழுவதற்குப் பாய் விரிக்கும்போது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். அந்த இரண்டு பேர். என்ன கூட்டம், ஆரெல்லாம், எந்த ஊர், அடையாள அட்டை எங்கே என்று சிரித்துச் சிரித்துக் கேட்டார்கள். நெசவுப் பயிற்சி என்று பரீனா சொன்னாள். அவர்களும் நம்பியதுபோலத் தலையாட்டினார்கள்.

அடுத்த சனிக்கிழமையும் அதே நேரம், அதே இரண்டு பேர், அதே சிரிப்பு. இந்த முறை அவர்கள் போன பிறகு அரிசிப் பீப்பாயைத் திறந்து அவரவர் போனை எடுத்துத் தட்டித் துடைத்தார்கள். பஸ்மினா என்கிற சின்னவள் தன் போனைத் துடைத்துக்கொண்டே சுவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"உள்ளுக்கு இரிக்கிற ஆரோதான் செல்லிக் குடுக்காங்க."

என்னை ஒருவரும் பார்க்கவில்லை. அதிலிருந்துதான் எனக்கு விளங்கியது. பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிற அறையில் அத்தனை பேரும் ஒருத்தியை மட்டும் பார்க்காமல் இருப்பதற்கு நல்ல பழக்கம் வேண்டும்.

பனைமரத்துக்குக் கீழே இருந்து பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள். என் வீட்டுக்குள் காக்கிச் சட்டை இருக்கிறது, நான் என்ன சொல்லி என்ன! ஆனால் நானும் லேசுப்பட்டவள் இல்லை. அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது மற்றவர்களை ஒவ்வொருத்தியாக எடுத்துச் சந்தேகப்பட்டேன். நஸீறா ஏன் மாதத்துக்கு ஒருக்கால் கொழும்புக்குப் போகிறாள்? பஸ்மினா தன் போனைப் பீப்பாய்க்குள் போட்டதை யார் கண்டது? பரீனா அந்த இரண்டு பேருக்கும் ஏன் கதிரை இழுத்துப் போட்டாள்? நிந்தவூர்ச் சந்தியில் இறங்க வேண்டிய ஒரு பெண் என்னோடு சாய்ந்தமருதில் இறங்கினாள். அவளையும் சந்தேகப்பட்டேன். பாவம், அவள் மருந்து வாங்க வந்தவள்.

மூன்றாம் சனிக்கிழமைக்கு முன் நஸீறா என் வீட்டுக்கு வந்தாள். குடிக்கக் கொடுத்ததை வாயில் வைக்கவில்லை. கொடியில் காய்ந்த சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, இந்தக் கூட்டத்துக்கு நீங்க வராட்டி நல்லம்."

"நான் செல்லிக் குடுக்கன் எண்டு நினைக்கீங்களா?"

"நான் நினைக்கல்ல. மத்தவங்க பயப்படுறாங்க. நிகழ்வுக்கு வாங்க, வந்து இரிங்க."

"அப்ப காலிதீன்ட பேரு?"

அவள் கோப்பையின் விளிம்பை விரலால் சுற்றினாள். "அடுத்த வருசம் பாப்பமே."

அரசாங்கக் கச்சேரியிலும் பொலிஸிலும் ஆணைக்குழுவிலும் நான் கேட்டுக் கேட்டுப் புளித்த சொல் அது. அதைச் சொல்வதற்கு எங்களுக்குள்ளேயே ஒருத்தி வேண்டுமா! கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். திரும்பி வரும்போது அவள் போயிருந்தாள்.

அன்றைக்குத்தான் நான் ஜவாத்தைப் பார்க்கத் தொடங்கினேன். இவ்வளவு நாளும் என் வீட்டில் இருந்தவர்தான், ஆனால் அன்றுதான் பார்த்தேன். போனில் கதைக்கும்போது ஏன் கிணற்றடிக்குப் போகிறார்? 'மாமி, எங்க போப்போறீங்க?' என்று தினமும் கேட்கிறாரே, எதற்கு? உள்வீட்டுக் கள்ளனைப் பிடிக்க முடியாது என்பார்கள். நான் பிடித்துக் காட்டுகிறேன் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அவர் காதுபட மகளிடம், பகல் கல்முனைக் கடற்கரைப் பள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு முக்கியமான கூட்டம் என்று சொன்னேன். கூட்டமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. போய் மணலில் தனியாகக் குந்தியிருந்தேன். வருகிற மோட்டார் சைக்கிளை எல்லாம் முறைத்துப் பார்த்தேன். மீன் ஏலம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். நாய்கள் இரண்டு வந்து என்னைச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டுப் போயின.

கடைசியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஜவாத்.

"கூட்டம் முடிஞ்சா மாமி? சாப்பிடாமப் போன எண்டு உங்கட மகள் செல்றா," என்று சோற்றுப் பார்சலை நீட்டினார். "வெயிலுக்க ஏன் தனிய இரிக்கீங்க?"

வேறு ஒருவரும் வரவில்லை. சந்தேகப்பட்டவர் கொண்டுவந்த சோற்றைத் தின்றேன். அதையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் தின்றேன். ஆனால் கிணற்றடியில் அவர் யாரோடு கதைக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. நிந்தவூரில் இருக்கிற அவருடைய உம்மாவோடு. எனக்குக் கேட்டால் நான் ஏதும் நினைப்பேனாம்.

வீட்டுக்குள் ஆள் இல்லை என்றால் குழுவுக்குள்தான் இருக்க வேண்டும். சனிக்கிழமை நானே மருதமுனைக்குப் போனேன். கூட்டத்துக்கு இல்லை, உளவு பார்க்க. பரீனாவின் தறிக்கொட்டிலுக்கு நேரெதிரே ஷரிபுதீன் காக்காவின் பெட்டிக்கடை. கொட்டிலுக்குள் இருந்து யார் வெளியே வந்து யாருக்குச் சைகை காட்டுகிறாள் என்று பார்ப்பதுதான் என் திட்டம். சவர்க்காரம் ஒன்று கேட்டு, அதன் விலையைக் கேட்டு, வேறு சவர்க்காரம் கேட்டு நேரத்தை ஓட்டினேன்.

ஒழுங்கை முழுக்கத் தறிச் சத்தம். எந்த வீட்டைப் பார்த்தாலும் டக்கு டக்கு என்று அடித்துக்கொண்டிருந்தது. பரீனாவின் கொட்டிலிலும் சிவமலரின் தறி ஒழுங்காக ஓடியது. எட்டத்தில், பள்ளிச் சந்தித் தேத்தண்ணிக் கடைப் பலகை வாங்கில் குந்தி அந்த இரண்டு பேரும் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டேன்.

"அவனுகள் எந்த நாளும் அங்கதான் குந்தி இரிப்பானுகள்," என்றார் ஷரிபுதீன். பிறகு கொட்டில் பக்கம் நாடியைக் காட்டினார். "நீங்க பரீனாட ஆளா? ஒண்டு கேக்கணும். பாங்கு சொல்லக்குள்ள இந்த ஒழுங்கையில ஒரு தறி ஓடாது. எங்கட வாப்பா காலத்தில இருந்து அப்பிடித்தான். பாங்கு எண்டா தறிய நிப்பாட்டிருவாங்க. இப்ப ரெண்டு கிழமையா பரீனாட தறி மட்டும் நிக்குதில்ல. அல்லாஹ்வுக்குப் பயமில்லையா?"

"நீங்க இத ஆருக்கும் சொன்னீங்களா?"

"ஏன் செல்லாம? பாங்கு முடியக்குள்ளேயே அந்தத் தேத்தண்ணிக் கடைக்குப் போய்ச் செல்லி ஏசினன். போன கிழமையும் ஏசினன். அவனுகளும் கேட்டுட்டுத்தான் இருந்தானுகள். அங்க ஆரு வேலை செய்ற எண்டு பாத்துட்டு வாறம் எண்டு எழும்பிப் போனானுகள்."

சவர்க்காரத்தைக் கடைப் பலகையில் வைத்தேன். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தறிதான் சொல்லிக் கொடுத்திருக்கிறது. மற்றத் தறிகள் எல்லாம் நின்று ஒழுங்கை அமைதியாகிற நேரத்தில் எங்கள் தறி மட்டும் நாங்கள் இங்கே ஒளிந்திருக்கிறோம் என்று தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறது. நாங்களும் உள்ளே முக்காடு போட்டுக்கொண்டு பாங்கைக் கேட்டபடி அந்தச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். அதைத் தறிச் சத்தம் என்று எங்களில் ஒருத்தியும் நினைக்கவில்லை, பாதுகாப்பு என்று நினைத்தோம். நிறுத்த வேண்டாம் என்று சொன்னதும் நாங்கள்தானே.

ஷரிபுதீனின் கடைச் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். அஸர் நெருங்கிவிட்டது. ஒழுங்கையைக் குறுக்கறுத்து ஓடினேன். ஓடுகிற வயதில்லை, செருப்பு ஒன்று வழியில் கழன்றது. கொட்டிலுக்குள் நுழையவும் பள்ளியில் ஒலிபெருக்கி கரகரக்கவும் சரியாக இருந்தது. சிவமலர் என்னைக் கண்டு திடுக்கிட்டாள், ஆனால் சொன்ன சொல் தவறாமல் கால் மிதித்துக்கொண்டே இருந்தது. நான் அவளுடைய இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தேன்.

தறி நின்றது. அக்கம்பக்கத்துத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பாங்கின் சத்தம் மட்டும் ஒழுங்கையில் கேட்டது. பின்னறையில் பெண்களின் பேச்சும் நின்றது. கதவு இடுக்கால் சந்தியைப் பார்த்தேன். வாங்கில் இருந்த இருவரில் ஒருவன் கோப்பையைக் கையில் பிடித்தபடி எங்கள் பக்கமாகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

பாங்கு முடிந்தது. பக்கத்து வீட்டுத் தறி முதலில் தொடங்கியது. நான் சிவமலரின் கையை விட்டேன், அவளும் தொடங்கினாள். தறி நின்றதால் இன்று கூட்டம் இல்லை என்று நினைத்தானோ என்னவோ, அந்த ஆள் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தான். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிள் மற்றப் பக்கமாகப் போனது.

சிவமலரின் காதோடு விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப என்னாலதானா ராத்தா அவங்க வந்த?"

"உங்களால இல்ல. நாங்க செல்லித்தானே நீங்க நிப்பாட்டல்ல. இனிப் பாங்குக்கு நிப்பாட்டுங்க, போதும். உள்ளுக்குச் செல்லாதங்க."

"உங்களத்தானே பேசுறாங்க. நான் போய்ச் சொல்றன்."

"செல்லாதங்க தங்கச்சி. சொன்னா, தமிழ்ப் பொம்பிள வேணுமெண்டுதான் செஞ்சா எண்டு செல்லுவாங்க. மறுகா வீரமுனையில இருந்து ஒராளும் வரமாட்டாங்க. கூட்டமும் இல்ல, ஒராள்ற பேரும் இல்ல."

இதை நான் பெரிய மனசோடு சொல்லவில்லை, கோபத்தோடுதான் சொன்னேன். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். என்னை விட்டால் அடுத்த கை அவளைத்தான் பிடிக்கும். உள்ளே ஒருவருக்கும் தெரியாமல் வந்த வழியே வெளியேறி, விழுந்த செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. அன்று நான் கூட்டத்தில் இல்லை, புலனாய்வுக்காரரும் வரவில்லை. காக்கை குந்தப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் பார்த்தவர்களுக்குக் காக்கைதான் விழுத்தியது என்பதில் ஒரு சந்தேகமும் மிஞ்சவில்லை. அதற்கு அடுத்த கிழமையும் ஒருவரும் வராததால் என் கதை முடிந்தது. 'பாத்தீங்களா, அவ இல்லாட்டி ஒரு கரைச்சலும் இல்ல' என்று பஸ்மினா சந்தையில் வைத்துச் சொன்னதை என் மகளே கேட்டுவிட்டு வந்து அழுதாள். ஜவாத் சட்டையைக் கொடியில் போடுவதை நிறுத்தி, அறைக்குள் காயப்போடத் தொடங்கினார். அது எனக்கு இன்னும் நோவாக இருந்தது.

டிசம்பர் பத்து. தடை ஒன்றும் வரவில்லை. கல்முனை மண்டபத்தில் நல்ல சனம். பாதிரியார் ஒருவர், மௌலவிமார் இருவர், பல்கலைக்கழகப் பிள்ளைகள். வாசலில் பன்னீர் தெளித்தார்கள். பின்வரிசையில் அந்த இரண்டு பேரும் வந்து குந்தினார்கள், இந்த முறை வெள்ளைச் சட்டை போட்டு. நான் நடுவில் ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். என் இரண்டு பக்கமும் கதிரைகள் காலியாகவே கிடந்தன. இடம் தேடி வந்தவர்களும் என்னைக் கண்டு, முன்னால் இடம் இருப்பதுபோலப் போய்விட்டார்கள்.

நஸீறா மேடையில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பரீனா போய் ஒரு வீரமுனைப் பெண்ணின் மகனுடைய பெயரைச் சொன்னாள். அந்தப் பெண் போய்ப் பரீனாவின் வாப்பாவின் பெயரைச் சொன்னாள். ஒலிபெருக்கியில் பெயர் வரும்போது மண்டபம் முழுக்க ஒரு அமைதி. நல்லதாகத்தான் இருந்தது, நஸீறாவின் புதுமையை நான் பொய் சொல்லிக் குறைக்க மாட்டேன். சிவமலரை இப்போது பஸ்மினாவுக்குச் சோடி ஆக்கியிருந்தார்கள். பஸ்மினா யோகேஸ்வரனின் பெயரைச் சொன்னாள். நான் எத்தனை முறை சொல்லிப் பழகிய பெயர் அது, அவள் அதை வேகமாகச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

சிவமலர் ஏறினாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். பஸ்மினாவின் மாமாவின் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு இறங்கவில்லை.

நஸீறா கையால் இறங்கச் சொன்னாள். சிவமலர் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இன்னும் ஒராள் இரிக்கி," என்றாள். "சாய்ந்தமருது ஆதம்பாவா காலிதீன். றஹீமா ராத்தாட அவர். நாவிதன்வெளிக்கு வயலுக்குத் தண்ணி பாக்கப் போனவர். திரும்பி வரல்ல."

ஒலிபெருக்கி மண்டபத்துக்கு வெளியேயும் கட்டியிருந்தது. பெயர் கல்முனைத் தெருவுக்குப் போனது. பஸ்ஸுக்கு நின்றவர்களும் கேட்டிருப்பார்கள். நான் வாய்க்குள் இன்னாலில்லாஹி சொன்னேன். மௌத்தானவருக்காகச் சொல்லுகிற, இவ்வளவு காலமும் அவருக்காக நான் சொல்லாத வசனம் அது.

முன்வரிசையில் தலைகள் திரும்பின. முதலில் என்னைப் பார்த்தார்கள், பிறகு சிவமலரைப் பார்த்தார்கள். பஸ்மினா பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குக் கேட்கத் தேவையில்லை, 'இவவும் அவட கூட்டுத்தான்' என்றிருப்பாள். வீரமுனைப் பெண்கள் மூவரும் தங்களுக்குள் நெருங்கிக் குந்தினார்கள். பின்வரிசையில் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். பதியட்டும் என்று நினைத்தேன். இவ்வளவு வருடமும் நான் எந்தக் கந்தோரில் சொல்லியும் பதியாத பெயர், அவனுடைய போனிலாவது கிடக்கட்டும்.

சிவமலர் மேடையை விட்டு இறங்கி வந்தாள். முன்வரிசையில் அவளுக்கு வைத்திருந்த கதிரையில் யாரோ கைப்பையை வைத்துவிட்டிருந்தார்கள். அவள் அதைப் பார்த்தாள், எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க நடந்து வந்து, என் பக்கத்தில் காலியாகக் கிடந்த கதிரையில் உட்கார்ந்தாள்.